லிஃப்ட்காரன் தூங்கிய ஏழு ராத்திரி

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரையே லிஃப்டில் ஏற்றி இறக்கிவிட்டு, இவன் மட்டும் பதினான்கு மாடிக்கும் படியேறித்தான் போவான். கேட்டால் மாரத்தானுக்குப் பயிற்சியாம். பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறவன். "சர்க்கரை இருக்கிறவன் அரை மணி நேரம் நடந்தா போதாதா?" என்று அக்கா நான் கத்தாத நாளில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி நிற்பான். நாற்பத்திரண்டு கிலோமீட்டரையும் ஒரு தடவையாவது ஓடி முடித்துவிட வேண்டும். வேறு ஆசையே கிடையாது அவனுக்கு.

இரண்டு முறை முயன்றான். இரண்டு முறையும் முப்பதாவது கிலோமீட்டருக்குள் சர்க்கரை சரசரவென்று இறங்கி, கை நடுங்கி, ஆம்புலன்ஸில் உட்கார்ந்து ஜூஸ் குடித்தான். அந்த முகத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை. மூன்றாவது முறை பெயர் கொடுத்தபோது டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு வாரமாவது காலைச் சர்க்கரை நிலையா இருக்கணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நிலையாக இருந்தால்தானே. ஒரு நாள் நூற்றிருபது, மறுநாள் இருநூற்று அறுபது. ஏறியிருந்தால் கூடுதலாக ஊசி போட்டுக்கொண்டு ஓடப் போவான். பாதி வழியில் மளமளவென்று இறங்கிவிடும். சாப்பாட்டைச் சந்தேகப்பட்டோம், மருந்தைச் சந்தேகப்பட்டோம். நான் அவன் ஷூவைக்கூட விட்டுவைக்கவில்லை.

கண்டுபிடித்தது அவன் மனைவி. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த டியூட்டி பட்டியலையும், சர்க்கரை அளக்க அவன் கையில் ஒட்டியிருக்கும் சென்சார் போனுக்கு அனுப்பிய அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அழைக்கும் அவசர போன் எந்த ராத்திரியெல்லாம் இவனிடம் இருந்ததோ, அதற்கு மறுநாளெல்லாம் ஏற்றம். போன் அடிக்காத ராத்திரியிலும் அப்படித்தான். அடிக்குமோ என்று ஒரு காதை விழிப்பாக வைத்துக்கொண்டே படுப்பான். போதாததற்கு, தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்று பயந்து, அடிக்கடி எழுந்து அளவு பார்ப்பான்.

"லிஃப்டுல எரர் வந்தா காரணத்தைப் பாக்காம ரீசெட் பண்ணிட்டுப் போற பசங்கள என்ன திட்டு திட்டுறீங்க," என்றாள் அவனிடம். "நீங்க தினம் காலையில ஊசியால அதைத்தானே பண்றீங்க?"

ஊருக்குத்தான் உபதேசம் என்று நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இந்த வேலைக்கு வந்த பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக, அந்தப் போனைத் தொடர்ந்து ஏழு ராத்திரிக்கு வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தான். டாக்டரம்மா ராத்திரி ஊசியின் அளவைத் திருத்தினார். சென்சார் அலாரம் மனைவியின் போனுக்குப் போனது. "இறங்கினா கண்டிப்பா எழுப்புவியா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டானாம்.

முதல் இரண்டு ராத்திரி புரண்டான். மூன்றாவது ராத்திரி கழிந்து காலையில் நான் போனபோது வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். "அண்ணி, இங்க பாருங்க," என்று அவள் போனைக் காட்டினாள். ராத்திரி முழுக்க ஏற்ற இறக்கமில்லாத ஒரே கோடு. காலையில் நூற்றுப் பதினெட்டு. மறுநாளும் கிட்டத்தட்ட அதேதான். தூக்கம் என்றால் சோம்பேறித்தனம் என்று வாழ்நாளெல்லாம் பேசியவள் நான். இந்த உடம்பு கண்ணை மூடிக்கொண்டு என்னென்ன வேலை பார்க்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் இரண்டு ராத்திரி வீணானதால் டாக்டரம்மா இன்னும் இரண்டு ராத்திரி சேர்க்கச் சொன்னார், போனும் அதுவரை அந்த மெக்கானிக்கிடமே இருந்தது; ஏழு காலையும் நிலையாக இருந்ததைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஓட்டத்தன்று முப்பதாவது கிலோமீட்டர் பலகை அருகே குளுக்கோஸும் கையுமாக நின்றேன். வந்தான். "அளவு என்னடா?" "நூத்தி நாப்பதுக்கா." நிற்கக்கூட இல்லை, போய்க்கொண்டே இருந்தான். குளுக்கோஸை மறுபடி பைக்குள் போட்டேன்.

ஐந்தே கால் மணி நேரத்தில் ஓடி முடித்தான். நடுங்காத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிடா முடிஞ்சுது?" என்றேன்.

"பன்னெண்டு வயசுலேருந்து ராத்திரியானா பயந்துக்கிட்டேதான் படுத்திருக்கேன்க்கா," என்றான். "இப்பதான் தூங்கினேன்."