பதினொரு துளை போட்ட ஃப்ளைவீல்

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் தகர மூடி காற்றில் பறக்காமல் இருக்க, அதன் மேல் ஒரு ஃப்ளைவீல், இன்ஜினில் சுற்றும் கனத்த இரும்புச் சக்கரம், கிடக்கிறது. அதன் ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கும். அந்தத் தடிப்பில் பதினொரு துளைகள். தொட்டியைத் திறக்கும் போதெல்லாம் அதைத் தூக்கி வைத்து என் இடுப்பு போயேபோய்விட்டது. காயலான் கடைக்குப் போட்டுத் தொலைக்கலாம். மனம் வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாடியில் ஒரு பட்டறையில் அக்காவின் கணவரும் நானும் வேலை பார்த்தோம். இன்ஜின் ஃப்ளைவீல்களைச் சுற்றவிட்டு பேலன்ஸ் செய்து கொடுப்பதுதான் தொழில். வரும் சரக்குக்குச் சீட்டு எழுதிக் கம்பியில் கட்டுவது நான். மெஷினில் ஏற்றி, கனமான பக்கத்தில் துளை போட்டு எடையைக் குறைப்பது மாமா. முள் பூஜ்யத்துக்கு வரும்வரை விடமாட்டார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேலை. மேலே கேள்வி கேட்கும் வழக்கமே எங்கள் பட்டறையில் கிடையாது.

ஒருநாள் பந்தயக் கார் ஒன்றின் ஃப்ளைவீல் வந்தது. பிஸ்டன் இல்லாத ரோட்டரி இன்ஜின். உள்ளே முக்கோண ரோட்டார்கள் மையம் விலகிச் சுற்றும். அந்த இழுப்பை ஈடுகட்டத்தான் முன்னால் ஓர் எதிரெடை, பின்னால் ஃப்ளைவீலோடு சேர்த்தே வார்த்த இன்னொன்று. கொண்டுவந்த மெக்கானிக் என்னிடம் தெளிவாகவே சொன்னார். "இது ஒரு சைடு கனமாத்தான் இருக்கும். தனியா சுத்திடாதீங்க. ஷாஃப்ட்ல ரோட்டாருக்குப் பதிலா டம்மி எடை மாட்டிகினுதான் பாக்கணும்."

தலையாட்டினேன். தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்த்த களைப்பு. சீட்டில் 'ஃப்ளைவீல், ஒன்று, அவசரம்' என்று எழுதிக் கட்டிவிட்டு, சாக்கு மூட்டை மேல் சாய்ந்தவன் தூங்கிவிட்டேன். விழித்தபோது மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அடங்கவே மாட்டேன்னுகினு இருந்துச்சு மச்சான். பதினோரு ஓட்டை. இப்ப பாரு, முள்ளு அசையுதா?"

முள் அசையவில்லை. இருக்க வேண்டிய எடையைத்தான் அவர் துளைத்து எடுத்திருந்தார். மெக்கானிக் சொன்னதை அவரிடம் சொல்லாமலே அடுத்த சரக்குக்குச் சீட்டு எழுதப் போனேன்.

மறுநாள் காலை நான் போவதற்குள் மெக்கானிக் வந்து மாமாவிடம் ஏதோ பேசி முடித்திருந்தார். அந்த ஃப்ளைவீலுக்கு மாற்று இந்த ஊரில் கிடைக்காது. முதலாளி வந்து சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மாமாவிடம், "படிக்கத் தெரியாதாய்யா உனக்கு?" என்றார். மாமா, "தப்புதான் சார்" என்றார். முதலாளி ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. அன்றே மாமாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். வீணான ஃப்ளைவீலைச் சீட்டோடு தோளில் சுமந்துகொண்டு போனார். அதன்பின் எந்தப் பட்டறையும் அவரை மெஷின் பக்கம் விடவில்லை. திருமழிசையில் வார்ப்புகளுக்குப் பிசிறு தேய்த்தே காலம் கழிந்தது. ஒரே குடும்பம், எத்தனையோ பண்டிகைகள். நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மெக்கானிக் என்னிடம் சொல்லியிருந்தது அவருக்குத் தெரியாது என்றே இருந்தேன்.

போன வருடம் அவர் போன பிறகு, பரணைக் காலி செய்த அக்கா இந்த ஃப்ளைவீலை என்னிடம் கொடுத்தாள். கம்பியில் சீட்டு அப்படியே இருந்தது. முன்பக்கம் என் மூன்று சொற்கள். பின்பக்கம் மாமாவின் சாய்ந்த எழுத்தில், 'தனியாக சுத்தக் கூடாது. டம்மி எடை போடவும்.' மாமா அதை எழுதிச் சேர்த்த அந்த நாளில் என் மனைவி நிறைமாதம்.

"நீ எய்திதானே குடுத்துகீற," என்றாள் எழுதப் படிக்கத் தெரியாத அக்கா, மாமா சொல்லிவைத்திருந்ததை நம்பி. "இந்த மனுசன் ஒரு தரம் திருப்பிப் பாத்திருக்கக் கூடாதா?"

தொட்டிக்குத் தண்ணீர் பார்க்க வரும்போதெல்லாம் இப்போதும் அவள் அதையே கேட்கிறாள். நான் ஃப்ளைவீலைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டுகிறேன்.