இரண்டு சொட்டுப் பால்

பிள்ளை பெற்றவளைப் பார்க்க வருகிறவர்கள் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பது ஒன்றுதான்: "பால் இருக்கா?" லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த யாருக்கும் நான் பதில் சொன்னதில்லை. மாமியார் முந்திக்கொள்வார். "கர்த்தர் கிருபைல நிறைய இருக்கும்மா."

இருந்தது என்னவோ பாட்டிலின் அடிக்கோட்டைக்கூடத் தொடாத பால். பூண்டு, சுறாப்புட்டு, டாக்டர் எழுதிய மாத்திரை எல்லாம் உள்ளே போயின. வெளியே ஒன்றும் வரவில்லை. பையன் மார்பில் வாய் வைத்து நாலு இழு இழுத்துவிட்டு, நான் ஏமாற்றிவிட்டதுபோல் வீறிடுவான். அவன் வயிற்றை நிரப்பியது பவுடர் பால்தான். நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைப்பேன், தினமும் பால் உறிஞ்சும் பம்பை எடுத்து மாட்டுவேன். ஒரே ஒரு வேளையாவது அவன் வயிறு என் பாலால் நிறைய வேண்டும் என்று ஒரு வெறி.

அதற்காக முந்தின நாளிலிருந்து சொட்டுச் சொட்டாக ஃபிரிட்ஜில் சேர்த்து வைத்திருந்தேன். அன்று மாலையில் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பம்பை ஓடவிட்டிருந்தேன். அப்போது கீழ்வீட்டு ஆன்ட்டியின் குரல் கேட்டது.

"பேரனுக்குக் கண்ணு செவசெவன்னு இருக்குக்கா. உங்க மருமக கிட்ட தாய்ப்பால் ரெண்டு சொட்டு கெடைக்குமா?"

டாக்டர்கள் கூடாதென்றாலும் கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவது எங்கள் தெருவில் வழக்கம். கேட்டு வந்தவர்களுக்கு இல்லையென்று யாரும் சொல்வதில்லை. மாமியாரோ ஊரெல்லாம் பெருமை பேசி வைத்திருந்தார்.

"அதுக்கென்ன, எடுத்துட்டுப் போ. இங்க பாலுக்கு என்ன பஞ்சம்?"

ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் குழாய் மாட்டியிருந்த நான் எழுந்து ஓட முடியவில்லை. "அத்தை, அது வேணாம்" என்று கத்தினேன். கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தாரோ.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நான் பால்கனிக்கு வந்தபோது, கீழே ஆன்ட்டி பேரனின் கண்ணுக்கு விட்டு முடித்திருந்தார். மீதியை முருங்கை மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். தாய்ப்பாலைக் கால் படுகிற இடத்தில் கொட்டக் கூடாதே. பாட்டிலைக் கழுவிய தண்ணீரையும் மறக்காமல் அங்கேயே விட்டார்.

உள்ளே திரும்பினேன். "அவனுக்குன்னு வச்சிருந்தேன் அத்தை."

"இல்லன்னு எப்பிடிம்மா சொல்றது? ஒன்னத்தானே பேசுவாங்க?" என்றார் மாமியார், என் முகத்தைப் பார்க்காமல். என்னைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் அத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

மாலையில் அவரே பவுடர் பாலைக் கலக்கினார். பையன் அவர் மடியில் கடகடவென்று குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பம்பைக் கழுவித் துடைத்து, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மாமியாருக்குத் தெரிந்த ஒரு அம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மாமியார் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "இல்ல ஆன்ட்டி. நின்னுபோச்சு."

அந்த அம்மாள் என் மார்பைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்து, "பாவம்" என்றார்.

மாமியார் கையை நீட்டிப் பையனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவனும் அழாமல் போனான்.