மூன்று நாள் மருந்துப் புட்டியில் நான் செய்த திருத்தம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மணி,

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு வியாழனன்று, விக்கிரமங்கலத்து விவசாயி பெரியசாமி என்பவர் அரியலூரில் என்னைத் தேடி வந்தார். நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன் என்பதை இப்பகுதியை வாரந்தோறும் படிக்கும் தாங்கள் அறிவீர்கள். நிலம் சம்பந்தமாகத்தான் வந்திருக்கிறார் என்றெண்ணி, நானும் பேனாவைத் துடைத்து வைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்திக் கொண்டார்.

"பத்திரக்காரரய்யா, உங்க வூட்ல கொயினா மருந்து மிச்சம் இருக்குன்னு சொன்னாங்க. ரெண்டு வேளைக்கு மட்டும் குடுங்க. எங்க வூட்டுக்காரிக்கு நேத்து காலையிலேருந்து உடம்பு அனலா கொதிக்குது."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டாம என்ன? அவரு இந்தச் சிவப்புத் தண்ணியத் தூக்கிக் குடுத்துட்டாரு!" என்று மடியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் காட்டினார்.

அந்தப் புட்டியைக் கண்டதும் எனக்கு வியர்த்துவிட்டது. காரணத்தை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

பெரியசாமி சொன்ன அந்த டாக்டர்தான் எங்கள் குடும்ப டாக்டரும்; எல்.எம்.பி. படித்தவர். புதிதாய் வந்த காய்ச்சலுக்கு அவர் மருந்து கொடுக்கும் முறை எப்போதும் ஒன்றுதான். நாக்கை நீட்டச் சொல்வார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்ப்பார். வயிற்றை அமுக்குவார். தெர்மாமீட்டரை எடுத்து உதறிவிட்டு, "குளிர் நடுக்கம் இருந்துச்சா? வெளிக்குப் போச்சா?" என்று இரண்டு கேள்வி கேட்பார். பிறகு தடுப்புக்கு அப்பால் திரும்பி, "பாய், மூணு நாளைக்கு!" என்பார். அவ்வளவுதான்.

கம்பவுண்டர் பாய் நாம் கொண்டுபோன காலிப் புட்டியைக் கழுவி, சிவப்பு மிக்ஸ்சரை நிரப்புவார். நீளமாய் ஒரு காகிதத்தை மடித்துக் கத்தரியால் ஓரத்தை வெட்டி, ஒன்பது பல் வைத்து, பசை தடவிப் புட்டியில் ஒட்டுவார். ஒரு வேளைக்கு ஒரு பல். ஒன்பதும் தீர்ந்த பின்பும் காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி வர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

இதைக் கேலி செய்யாதவர் யார்? ஒரு முறை மீன்சுருட்டியிலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டார்: "ஏன் பாய், எனக்கும் சிவப்பு, இவருக்கும் சிவப்பு. எங்க மாட்டுக்குக் காய்ச்சல் வந்தாலும் சிவப்புதானா?"

"மாட்டைக் கூட்டிட்டு வாங்க. பச்சையா கலந்து தரேன்" என்றார் பாய், தலை நிமிராமலே.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் என் சிரிப்புக்குள் ஒரு சந்தேகம் இருந்தது... வெறும் தண்ணீருக்குச் சாயம் போட்டுத் தருகிறாரோ?

சென்ற புரட்டாசியில் என் மகள் கமலம் காய்ச்சலில் விழுந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. தவமிருந்து பெற்ற ஒரே குழந்தை. டாக்டரிடம் தூக்கிப் போனோம். நாக்கு, கண், வயிறு, இரண்டு கேள்வி... "பாய், மூணு நாளைக்கு!"

அன்று முழுவதும் மிக்ஸ்சர் கொடுத்தும் குழந்தையின் உடம்பு காந்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை என் புத்தி அலமாரியின் மேல் தட்டுக்குப் போயிற்று. யுத்தம் நடந்தபோது எனக்கு மலேரியா என்னும் முறைக் காய்ச்சல் வந்து, டாக்டர் கொயினா மிக்ஸ்சர் கொடுத்திருந்தார். கொயினா கிடைப்பதே அரிதாயிருந்த காலம் அது. காய்ச்சல் விட்டதும், மிச்சமிருந்த அரைப் புட்டியைப் பொக்கிஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். சாயத் தண்ணீர் எங்கே, கொயினா எங்கே?

மனைவி கிணற்றடிக்குப் போயிருந்தாள். சிவப்பு மிக்ஸ்சரில் இரண்டு பல் அளவை ஜலதாரையில் ஊற்றினேன். அதே அளவு கொயினாவைப் புட்டியில் விட்டுக் குலுக்கினேன். மட்டம் சரியாகவே நின்றது. போதாதோ என்று அஞ்சி, ஒவ்வொரு வேளையும் குழந்தைக்குக் கொடுக்கும் முன் இன்னும் ஒரு கரண்டி கொயினாவைத் தனியாகவும் சேர்த்தேன். பெரியவர்களுக்கான மருந்து அது என்று ஒரு கணமேனும் நினைத்தேனா? இல்லை.

குழந்தை முகத்தைச் சுளித்தாள். மனைவி என்னிடம் வந்து, "ஏங்க, நேத்து இனிச்ச மருந்து இன்னைக்கு கசக்குதுங்கிறா" என்றாள்.

"காய்ச்சல்ல நாக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொன்னேன்!

மத்தியானத்துக்குப் பின் வாந்தி வந்தது. "அப்பா, காதுக்குள்ள வண்டு பறக்குது" என்றாள். பிறகு நாங்கள் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் "என்னம்மா? என்னம்மா?" என்றாள். தோளில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

அன்று டாக்டரின் முறை மாறிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தார். குழந்தையின் தலையைத் தாங்கிக் கழுத்தை மடித்துப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். மறுபடியும் கழுத்தைப் பார்த்தார்.

"வேற ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"நீங்க குடுத்ததத் தவிர பச்சத் தண்ணி கூட காய்ச்சாம குடுக்கலீங்க டாக்டரய்யா" என்றாள் மனைவி.

"பத்திரக்காரரே, நீங்க?"

வெளியே பத்துப் பேர் காத்திருந்தனர். அவர்களில் ஐந்து பேருக்காவது நான் பத்திரம் எழுதியிருப்பேன். "இல்லீங்க" என்றேன்.

டாக்டர் சொன்னார்: "என் மருந்துக்குக் காது அடைக்காது. மூளைக் காய்ச்சலோன்னு பயமா இருக்கு. அடுத்த டிராயின்லயே திருச்சிக்குக் கொண்டு போயிடுங்க. முதுகெலும்புல ஊசி குத்தி நீர் எடுத்துப் பாக்கணும். கடுதாசி தரேன்."

மனைவி அழவில்லை. குழந்தையின் அவிழ்ந்த தலைமுடியை அள்ளி முடிந்தாள். "டிராயினுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்குங்க?" என்று என்னைக் கேட்டாள். குழந்தை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "என்னம்மா?" என்றாள்.

முதுகெலும்பில் ஊசி... டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

"எழுதாதீங்க ஐயா. நான் கொயினா குடுத்தேன்."

மனைவிதான் முதலில் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். "கசக்குதுன்னு புள்ள சொன்னப்ப, நாக்கு அப்படித்தான் இருக்கும்னீங்களே..."

"எத்தனை வேளை?" என்றார் டாக்டர்.

"ரெண்டு."

அவர் நீண்ட மூச்சு விட்டு உட்கார்ந்தார். "ரிஜிஸ்தர் ஆன பத்திரத்துல ஒருத்தன் நடுவுல ஒரு வரியச் சேத்துட்டு வந்து நின்னா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

என் தொழிலிலேயே என்னைப் பிடித்துவிட்டார்.

"அந்தப் புட்டி என் கையெழுத்துய்யா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப் போனவர்போலச் சொன்னார். "முதல் ரெண்டு நாள்ல இது எந்தக் காய்ச்சல்னு எனக்கே தெரியாது. பாதிக்கு மேல தானா இறங்கிடும். எடுத்த எடுப்புல கடுமருந்து குடுத்தா, காய்ச்சல் மூஞ்சிய மூடிக்கும். அப்புறம் எதைப் பாத்து நான் வைத்தியம் பண்றது? சிவப்பு மிக்ஸ்சர் வேர்வைக்கு. கூடவே, உங்கள மூணு நாள் பொறுமையா உக்கார வைக்கவும்தான். வெறுங்கையா அனுப்பினா உக்காருவீங்களா?"

உண்மைதானே? 'பொறுத்திருங்கள்' என்று மட்டும் சொல்லும் டாக்டரிடம் நம்மில் எத்தனை பேர் இரண்டாம் முறை போவோம்?

மூளைக் காய்ச்சலானால் விறைத்துப்போகும் கழுத்து தாராளமாக மடிவதாலும், காதடைப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டதாலும் உடனே திருச்சி வேண்டாம் என்றார். குழந்தையை அங்கேயே ஒரு பெஞ்சில் படுக்க வைத்து, இருட்டும் வரை எழுந்தெழுந்து வந்து பார்த்தார். "காது நாளைக்குள்ள தெறந்துட்டா கொயினா பண்ணின வேலைதான். இல்லேன்னா காலைல முதல் டிராயின்" என்று சொல்லி அனுப்பினார். பாய் புதுப் புட்டியில் மருந்து நிரப்பி, பல் வெட்டி ஒட்டி, என் கையில் தராமல் மனைவியின் கையில் தந்தார். "இன்ஷா அல்லா, சரியாப் போயிடும்மா. இந்தப் புட்டி உங்க பொறுப்பு."

மறுநாள் விடிந்தது. அடுக்களையில் மனைவி எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அர்ச்சனையை இங்கே எழுதுவதற்கில்லை. குரலை மிகவும் அடக்கித்தான் பேசினாள். அப்போது கூடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது:

"ஏம்மா அப்பாவத் திட்டுற?"

மனைவி பாதிப் பேச்சில் நின்றாள். அவ்வளவு மெல்லிய பேச்சு குழந்தையின் காதில் விழுந்திருக்கிறது! என் வாழ்நாளில் நான் வாங்கிய வசவுகளில் அவ்வளவு இனித்தது வேறில்லை. நான்காம் நாள் வேர்த்து விட்டுக் காய்ச்சலும் இறங்கிப் போயிற்று.

இவ்வளவையும் ஒன்று விடாமல் பெரியசாமியிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கொயினா?" என்றார்.

"முருங்கை மரத்தடியில ஊத்தியாச்சு."

"அடடா, மரத்துக்குக் காது அடைச்சிருக்குமேங்க!" என்று சிரித்தார். புட்டியை மறுபடி மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார்.

ஒன்பது பல்லும் தீர்ந்த பின் அவர் மனைவிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் நடுக்கம் கண்டதாம். மறுபடி போனார்கள். டாக்டர் தாமாகவே கொயினா கொடுத்தார். அந்த அம்மாள் இப்போது வயலுக்குப் போகிறார். நான் கொடுத்ததும் அதே மருந்துதான். டாக்டர் காய்ச்சலின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்; நான் பாராமலே கொடுத்தேன்.

ஐயா, அம்மணி, தங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய புட்டி இருக்கும். அதை இன்றே கொட்டிவிட்டு, அது இருந்த இடத்தில் இந்தக் குறிப்பைக் கத்தரித்து வைத்திருக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.