வைத்துக்கொள்ளவும் மாட்டார், விடவும் மாட்டார்

நாங்கள் ஆடுவது நான்காவது டிவிஷன் கிரிக்கெட். போன சீசனில் எங்கள் டீமில் அதிக விக்கெட் எடுத்தவன் சைதாப்பேட்டை ரஃபீக். ஆஃப் ஸ்பின்னர், இருபத்திரண்டு வயசு. நான் கீப்பர்.

இன்று காலை மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சி, டீம் வாட்ஸப் குரூப்லேர்ந்து என்னைத் தூக்கிட்டானுங்க. இன்னா மேட்டர்னு ஒருத்தனும் சொல்ல மாட்றான்."

அங்கேயே கிளப் செயலாளருக்கு ஃபோன் போட்டேன், ஸ்பீக்கரில்.

"அடுத்த சீசனுக்கு இளம் ரத்தம் வேணும்ப்பா. என் ஒய்ஃபோட தம்பி வரான்."

"அவருக்கு என்ன வயசு சார்?"

"முப்பத்தொம்பது. பார்த்தா தெரியாது."

ரஃபீக் தலையைக் குனிந்துகொண்டான். மூணாவது டிவிஷன் டீம் ஒன்று அவனைக் கேட்கிறது. எங்கள் கிளப் அவனை விடுவித்ததாக ரிலீஸ் லெட்டர் இருந்தால்தான் எடுப்பார்களாம்.

"அவனுக்கு ரிலீஸ் லெட்டராவது குடுங்க சார்."

"எப்படிப்பா குடுக்கிறது? நாளைக்கு அவன் பெரிய ஆளாயிட்டா ஏன் விட்டேன்னு எல்லாரும் என்னைத்தானே கேட்பாங்க?"

"அப்ப எனக்கும் ஒரு லெட்டர் எழுதுங்க சார். நானும் போறேன்" என்றேன்.

"அதுவும் நல்லதுதான், ஒய்ஃபுக்கு இன்னொரு தம்பியும் இருக்கான். ரெண்டு பேரும் சாயங்காலம் வந்து வாங்கிக்கோங்க" என்று வைத்துவிட்டார்.

ரஃபீக்குக்கு டீம் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. கீப்பர் தேவைப்படுகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். செயலாளருக்கு மச்சான் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடவும்.