அக்கா சொன்ன சீனக் கதை

திங்கள், பிற்பகல் மூன்று மணி: மூச்சுத் திணறலுடன் அக்காவைக் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன்.

புதன், காலை ஐந்து நாற்பது: அக்கா இறந்தாள். வயது எழுபத்து மூன்று. அருகில் நான் மட்டும் இருந்தேன்.

புதன், காலை ஆறு பத்து: தாதி வந்து, "அங்கிள், அவங்க ஃபேமிலி யாரும் வரலையா?" என்று கேட்டார். நான் தம்பி என்றேன். என் முகத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதே கேள்வியை மீண்டும் கேட்டார்.

வியாழன், பிற்பகல்: சைவ முறைப்படி தகனம். தேவாரம் நான் பாடினேன்.

சனி, காலை பத்து மணி: பண்டமாரான் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பதினொரு பிள்ளைகள் வழக்கம்போல அக்காவிடம் கதை கேட்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இறந்ததை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன்.

அக்கா பிறப்பால் சீனர். சாலாக் செலாத்தானில் ஏற்கெனவே நான்கு பெண்கள் இருந்த வீட்டில் ஐந்தாவதாகப் பிறந்து, முப்பத்தொன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்போது என் பெற்றோருக்குக் குழந்தை இல்லை. அந்தக் காலத்துக் கோலாலம்பூரில் இது அதிசயமான செய்தி அன்று. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே இப்படி வந்த பெண்கள் மூவர் இருந்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். அவள் வந்த ராசி என்று உறவினர்கள் சொன்னார்கள்.

வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. மறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. முகம் பார்க்கும் கண்ணாடி எல்லா அறைகளிலும் இருந்தது. பேச வேண்டிய தேவை எழவில்லை, அவ்வளவுதான்.

அக்கா மாலை நேரங்களில் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் உட்கார்ந்து எங்களுக்குக் கதை சொல்வாள். அவளுடைய கதைகள் எல்லாமே யாழ்ப்பாணத்தில் நடந்தன. யாழ்ப்பாணத்தை அவளும் கண்டதில்லை, நானும் கண்டதில்லை; அப்பாவே பத்து வயதில் கப்பலேறியவர். ஆயினும் கிணற்றடித் துலா எப்படி முனகும், பனை வடலிக்குள் காற்று எப்படி இரையும் என்பதையெல்லாம் அவள் தயக்கமின்றிச் சொல்வாள். பாதி அம்மாவின் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டது. மீதி அவளே உண்டாக்கியது. எனக்கு மிகவும் பிடித்தது, பனை மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட பேயின் கதை. அது வழியால் போகிறவர்களிடமெல்லாம் ஏணி கேட்கும். எல்லோரும் ஓடிவிடுவார்கள். ஒரு சிறுமி மட்டும் நின்று, "எவ்வளவு நீளத்தில வேணும்?" என்று கேட்பாள். இந்த இடத்தில் படிக்கட்டு முழுவதும் சிரிக்கும்.

எனக்கு எட்டு வயதும் அவளுக்குப் பதின்மூன்று வயதும் நடந்தபோது, எங்கள் யாழ்ப்பாணத் தமிழர் சங்கத்தின் நவராத்திரி வாணி விழாவில் பிள்ளைகள் கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு அக்கா தன் பெயரைக் கொடுத்திருந்தாள். மேடையில் அவளுக்கு அதுவே முதல் தடவை. ஏணிக் கதையைத்தான் சொல்லப்போகிறாள் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

அந்த ஆண்டு சங்கத்துக்கு ஒரு பரந்த நோக்கம் பிறந்திருந்தது. எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே மேடையில் தத்தம் கதைகளைச் சொல்ல வேண்டும். சங்கச் செயலாளர்தான் ரயில்வே அலுவலகத்தில் அப்பாவுக்கு மேலதிகாரி; எங்களுக்கு மாமா முறை. ஒரு மாலை எங்கள் வீட்டில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி குறைப்பட்டார்.

"மலாய்ப் பிள்ளை ஒண்டு கிடைச்சிட்டுது. பொலிஸ் குவார்ட்டர்ஸில இருந்து பஞ்சாபிப் பெடியன் ஒருத்தன் வாறான். சீனப் பிள்ளைதான் அம்பிடுதில்லை. கடை வச்சிருக்கிற தவுக்கேமார் மூண்டு பேரிட்டக் கேட்டுப் போட்டன். ஒருத்தரும் அனுப்ப மாட்டினமாம்."

"ஏன் மாமா, எங்கட அக்கா சீனத்திதானே?" என்றேன் நான்.

அன்று காலை பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அவளைக் காட்டிச் சொன்ன சொல் அது. எனக்குப் புதியது. அதைச் சொல்ல ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். தட்டில் பிஸ்கட் இன்னும் இருந்தது. அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

"அட, எனக்கு மறந்தெல்லோ போச்சு!" என்றார் மாமா.

அவர் உண்மையாகவே மறந்திருந்தார். அன்று அவர் பேசியவற்றுள் அக்காவுக்கு மரியாதை செய்த வாக்கியம் அது ஒன்றுதான் என்பதை அவரும் அறியவில்லை.

உள்ளே சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டார். "பிள்ளை, உன்ர பேரை எங்கட பிள்ளையளின்ர லிஸ்ட்டில இருந்து எடுத்துப்போட்டு, விருந்தாளியளோட போடப்போறன். சீனக் கதை ஒண்டு சொல்ல வேணும். உடுப்பு நான் ஒழுங்கு பண்ணுறன்."

"எனக்குச் சீனக் கதை ஒண்டும் தெரியாது மாமா."

"சின்னனாப் போதும். தமிழிலயே சொல்லு. அப்பத்தானே சனத்துக்கு அதிசயமா இருக்கும்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் முகம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தது.

"சரி மாமா," என்றாள்.

உடை வந்தது. ஒரு சீனத் துணிக்கடைக்காரரின் மகளுடைய சிவப்புப் பட்டு, கழுத்து உயர்ந்தது. விழாவன்று மேடைக்குப் பின்னால் செயலாளரின் மனைவி அக்காவின் பின்னலை அவிழ்த்து இரண்டு கொண்டைகளாக முடிந்தார். நான் அந்தப் பட்டுக் கையைத் தடவிப் பார்த்து, சினிமாப் படக்காரி மாதிரி இருப்பதாகச் சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

"பொட்டைத் துடைச்சு விடுங்கோ," என்று மாமி அம்மாவிடம் நனைத்த கைக்குட்டையை நீட்டினார். அம்மாவின் கை அக்காவின் நெற்றிவரை போயிற்று, பிறகு இறங்கிவிட்டது. மாமியே வாங்கித் துடைத்தார்.

"அடுத்ததாக, நம் சீனச் சகோதரி! அழகு தமிழிலேயே பேசுவார்!" என்று மாமா அறிவித்தார். அவள் வாய் திறக்குமுன்பே கைதட்டல் எழுந்தது. வெள்ளிதோறும் கோயிலில் அவளைக் கண்டு, "என்ன பிள்ளை, கொம்மா வரேல்லையோ?" என்று விசாரிப்பவர்களும் வியந்து கைதட்டினார்கள்.

"சீன தேசத்தில ஒரு மூங்கில் காடு," என்று அக்கா தொடங்கினாள். "ஒரு மூங்கிலின்ர உச்சியில ஒரு பேய். அதுக்கு இறங்கத் தெரியாது..."

நான் நாற்காலியின் மேல் ஏறி நின்றேன். "அது சீனக் கதை இல்லை! அது எங்கட கதை! அது பனை!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. "பெடியன் பிடிச்சிட்டான்!" என்று யாரோ பின்னாலிருந்து கூவினார்கள். அக்கா கதையை நிறுத்தினாள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"ஓம். பனைதான்," என்றாள்.

பிறகு அந்தச் சிவப்புப் பட்டுடன் நின்றபடியே, வடலியும் துலாவும் வர, கதையை முதலிலிருந்து சொல்லி முடித்தாள். ஏணியின் நீளத்தைக் கேட்கும் இடத்தில் அன்று யாரும் சிரிக்கவில்லை. மாமா ஒலிபெருக்கியைப் பிடித்து, கதைகளுக்கு நாடேது, இனமேது என்று இரண்டு நிமிடம் பேசினார். மற்றப் பிள்ளைகளுக்குப் பேனா கொடுத்தார்கள். அக்காவுக்கு, சீனக் கோபுரம் வரைந்த பட்டு விசிறி.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை அடித்தார். சபையில் செயலாளரை அவமானப்படுத்திய குற்றத்துக்காக. அவர் என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அக்காவிடம் போய் மன்னிப்புக் கேள் என்றார்.

அவள் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து கொண்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஊசிகள் வாயில் இருந்தன.

"மண்டபத்தில கத்தினதுக்கு என்னை மன்னிச்சுக்கொள், அக்கா."

அவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள்.

"அது ஒண்டுக்கு மட்டும் நீ மன்னிப்புக் கேக்காதை," என்றாள்.

அதன்பின் அக்கா எந்த மேடையிலும் ஏறவில்லை. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, பண்டமாரானில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை சொன்னாள். தமிழ், மலாய், சீனப் பிள்ளைகளோடு வெளிநாடுகளிலிருந்து துறைமுகக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். தரையில் அவர்களுக்கிடையில் உட்காருவாள். அவரவர் சமூகக் கதைகளையும் சொல்லச் சொல்லலாமே என்று நான் ஒருமுறை யோசனை கூறினேன். நானும் சில குழுக்களில் இருந்து பழகியவன். "கேட்டா அதுகள் தேடிக்கொண்டு போக வேணும். தானா வந்தாக் கேப்பம்," என்றாள்.

அன்று பின்கட்டில் அவள் சொன்ன வாக்கியத்தில் 'மன்னிப்புக் கேக்காதை' என்ற பகுதி மட்டுமே எனக்குக் கேட்டது. அது ஒன்றுக்கு மட்டும் என்றால், மன்னிப்புக் கேட்க வேண்டியது வேறொன்று உண்டு: மாமா முன்னால் நான் சொன்ன அந்தச் சொல். எட்டு வயதுக்காரனுக்கு அது புரியவில்லை. தப்பிவிட்ட மகிழ்ச்சியில், அந்த விசிறியை எனக்குத் தருகிறாயா என்று கேட்டேன். கொடுத்தாள்.

செய்யாமல் எஞ்சியிருப்பவை:

அடுக்குமாடி வீட்டின் சாவியை ஒப்படைப்பது.

சாலாக் செலாத்தானில் அவளுடன் பிறந்த நால்வரில் யாரேனும் உயிரோடு இருந்தால் செய்தி சொல்வது. எங்கே விசாரிப்பதென்று தெரியவில்லை.

குடியிருப்பாளர் குழு வைக்கவிருக்கும் நினைவுப் பலகையின் வாசகத்தைத் திருத்தி அனுப்புவது. அவர்கள் எழுதியது: 'தமிழில் கதை சொன்ன சீனப் பெண்மணி.' 'சீன' என்பதை அடித்துவிட்டேன். "அங்கிள், சைனீஸ்னு போடலன்னா ஸ்பெஷலா தெரியாது லா. சரி, அந்த இடத்துல வேற என்னா போட?" என்று குழுவின் இளைஞர் நேற்றும் தொலைபேசியில் கேட்டார். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.