ஆகாயத்தாமரை மூடிய மூலை

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பெங்களூரைச் சுற்றியுள்ள ஏரிகளிலிருந்து எழும் மீத்தேனைக் கணினியில் கணக்கிடுவது என் வேலை. கார்பனில் எடை குறைந்தது, கூடியது என இரண்டு வகை உண்டு. ஏரிச்சேற்றில் பிறக்கும் மீத்தேனில் எடை கூடியது மிகக் குறைவு. காற்றில் ஏற்கெனவே கலந்திருக்கும் மீத்தேனில் சற்று அதிகம். அந்த விகிதத்தை வைத்து வாயு எங்கிருந்து வந்தது என்று நான் உருவாக்கிய கணினி மாடல் சொல்லிவிடும். மனிதர்களைவிட அதை நான் அதிகம் நம்பினேன்.

வாயுவைப் பிடித்து வந்தவர் தினக்கூலிக்கு இருந்தார். கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழர், என்னைவிட மூத்தவர். இடுப்பளவு நீரில் இறங்கி, அடியில்லாத பெட்டியைக் கவிழ்த்து, அரைமணி நேரம் நின்று, உள்ளே சேர்ந்ததை ஊசியால் உறிஞ்சிக் குப்பியில் அடைப்பார்.

அத்திபெலே பக்கம் ஓர் ஏரி. அதில் ஆகாயத்தாமரை மூடிய மூலையிலிருந்து வந்த குப்பிகளில் மட்டும் மீத்தேன் மிகக் குறைவு. விகிதமும் வெறும் காற்றுடையதைப் போலவே இருந்தது. மூன்று முறையும் அப்படித்தான்.

“அந்த மூலை சரியில்ல ஸார்,” என்றார். “மத்த எடத்துல கால வச்சாலே குமிழி பொங்கும். அங்க மேல ஒண்ணும் வராது. தவளகூட கத்தாது. ஆனா தண்ணிக்குள்ள என்னமோ கால தடவிட்டே போகுது.”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். “பெரியவர் பேய்க்குப் பயந்து கரையிலயே பெட்டிய கவுத்துட்டு வந்துட்டார்.”

நானும் சிரித்தேன். பிறகு அதையே அறிக்கையாக எழுதினேன்: இவர் எடுக்கும் மாதிரிகள் நம்பத்தக்கவை அல்ல. அவரை நிறுத்திவிட்டார்கள். அந்த எண்களை விலக்கிவிட்டு என் கட்டுரை வெளியானது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு வேலையாகப் போனபோது, நானே அந்த மூலையில் இறங்கினேன். நல்ல வெயில். ஒரு பூச்சியின் சத்தம்கூட இல்லை. சேறு வெதுவெதுப்பாகக் கணுக்காலைப் பிடித்தது. சற்று நேரத்தில் கெண்டைக்காலில் ஏதோ ஒன்று உருண்டு மேலே ஏறியது. பின்னாலேயே இன்னொன்று. குமிழிகள்தான். ஆனால் ஒன்றுகூட வெளியே வந்து உடையவில்லை. என்னைச் சுற்றியிருந்த செடிப்பரப்பு மட்டும், காற்றே இல்லாமல், ஒரு விரலளவு எழுந்து தணிந்தது. உறங்கும் உடம்பின் மார்பு அப்படித்தான் எழுந்து தணியும். பெட்டியை விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது. அரைமணி நேரம் நின்றேன்.

அவர் கொண்டுவந்த அதே எண்கள்தான் எனக்கும் வந்தன. காரணம் பிறகு புரிந்தது: செடிகளின் அடியில் சிக்கிக்கொள்ளும் வாயுவை, வேர்களில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் தின்கின்றன. எடை குறைந்ததை முதலில் தின்பதால் கூடியது மிஞ்சி, விகிதம் காற்றுடையதைப் போலாகிவிடுகிறது. என் மாடலில் அவற்றுக்கு இடமே இல்லை.

அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னால் ஒரு சந்தில், மகள் வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“இத எழுதிக் குடுங்க ஸார். பொய் சொல்லி வேலய தொலச்சவன்னு மாப்பிள்ள குத்திக் காட்டிட்டே இருக்காரு. அவருகிட்ட காட்டணும்.”

“நாளைக்கே தர்றேன்,” என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரி என்றால் என் கட்டுரை தவறு என்றும் எழுத வேண்டும். எழுதவில்லை. மறு ஆண்டு ஒரு கருத்தரங்கில் அந்த மூலையை என் கண்டுபிடிப்பாகவே பேசினேன். கைதட்டினார்கள்.

அவர் கடைசிவரை அந்த மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.