பதினோரு விசிலும் இருபத்திநாலு பையும்

"ரெண்டு கையக் குடுத்த ஆண்டவரு, இன்னும் ரெண்டச் சேத்துக் குடுத்திருந்தா அவருக்குக் கொறஞ்சா போயிருக்கும்?"

கத்தரீனாக்கா வாயில இருந்து இது ஒரு நாளைக்கி இருபது தடவையாவது வந்துரும். பால் பொங்கும்போது ஒரு தடவ. ஒருத்தன் நிக்கர நனைக்கும்போது ஒரு தடவ. இன்னொருத்தி அந்த நனஞ்ச எடத்துலயே போயி சம்மணம் போட்டு உக்காரும்போது ரெண்டு தடவ. கோயில்ல எல்லாரும் கையக் கூப்பி நிக்கிறப்ப, அக்கா மட்டும் 'பாத்தீரா, ரெண்டுதான் இருக்கு'ன்னு ஆண்டவருக்கு எண்ணிக் காமிக்கிற மாதிரி நிக்கும்னு அதோட புருசன் பாஸ்கல் அண்ணன் சொல்லுவாரு.

மறையூர்ல இருந்து மூணாறு போற பஸ்ஸுல ஏறி, கரும்புக்காடு முடிஞ்சு, சந்தனக்காட்டு வேலியும் முடிஞ்சு, குளிரு காதுக்குள்ள பூந்ததும் எறங்குனா அக்கா இருக்குற எஸ்டேட்டு. முன்னால பன்னெண்டு வீடு, பின்னால பன்னெண்டு வீடு, முதுகோட முதுகு ஒட்டி நிக்கிற ஒரு லயம். லயத்துக்குக் கடைசியில கிரெஷ். அம்மாமாரு கொழுந்து எடுக்கப் போற நேரத்துல பிள்ளைகளப் பாத்துக்கிடுற எடம். அங்க ஆயா, டீச்சர், சமையக்காரி, போலீஸ், ஜட்ஜி எல்லாமே அக்காதான். பத்து பிள்ளைக இருந்துச்சு. நவம்பர்ல பதினொண்ணாச்சு.

பதினொண்ணாவதா வந்தவ ரிஞ்சு. மூணு வயசு. அவ அழுதா சும்மா அழ மாட்டா. மொதல்ல குளுருல ஜீப்பு ஸ்டார்ட் ஆகாத மாதிரி 'க்ஹ்ர்ர்... க்ஹ்ர்ர்...'னு இழுப்பா. பெறகு ஸ்டார்ட் ஆயிரும். ஆனா ஆஃப் பண்ண சாவி கெடையாது. மத்தியானச் சோறு வரைக்கும் ஒரே கியர்ல ஓடும். அப்பன் ரிஜோ மறையூர்ல ஜீப்பு ஓட்டுறவன், அந்த வாகு வந்துருச்சுன்னு லயத்துல பேசிக்கிட்டாங்க.

அவ அம்மா செல்வப்பிரியா வடகரப்பதிப் பக்கத்துப் பொண்ணு. ரிஜோவ விரும்பிக் கட்டி மல ஏறி வந்தவ. லயத்துல எல்லாரும் "எங்கட்டி போற?"ன்னு கேட்டா, இவ "கடைக்குப் போறேனுங்க"ன்னு சொல்லுவா. அந்த ஒரு 'ங்க'வுக்காகவே கெழவங்க திரும்பத் திரும்ப எங்க போறன்னு கேப்பாங்க. பிள்ளையப் பாத்துக்கிடச் சொந்தம்னு பக்கத்துல ஒரு ஆளு கெடையாது. இப்பத்தான் தற்காலிகமா வேலையில ஏறியிருந்தா. ரிஞ்சு சத்தம் தேயிலைக்காடு வரைக்கும் கேக்கும். கேட்டா இவளால கொழுந்துல கை வைக்க முடியாது. பாதியில எறங்கி வந்துருவா.

நவம்பர் கடைசியில ஒரு நாள் கிரெஷு வாசல்ல நின்னு மூக்க உறிஞ்சுனா.

"அக்கா, கங்காணி ஐயா சொல்லிப்போட்டாருங்க. இந்த மாசம் ஏழு நாளு பாதியில எறங்கிட்டேனாமா. டிசம்பர் பூரா ஒரு நாளு கூட முட்டாம முழு நாளா வேலை செஞ்சாத்தான் ஜனவரி வேலை லிஸ்ட்டுல பேரு ஏறுமாமுங்க. இல்லீன்னா வேற ஆளப் போட்டுருவாங்களாமா."

"செல்லத்துரையா சொன்னாரு? சொல்லுவாரு, சொல்லுவாரு. மீசைக்கு எண்ண தடவவே அவருக்கு அர நாளு. நீ அழாதடி. ஒண்ணு அழுறதே தாங்கல, நீயும் சேந்தா எனக்கு ரெண்டு கைதான இருக்கு!"

வாய் அப்படிச் சொல்லிருச்சே தவிர, அக்காவுக்கு அன்னைக்கிச் சோறு எறங்கல. பிள்ள அழுறது கிரெஷுல. கிரெஷு அக்காவோடது. அப்ப அந்தப் பொண்ணு வேலை போச்சுன்னா யாரால போச்சு?

அந்த நேரம் பாத்து ஜெர்மனியில நர்ஸு வேலை பாக்குற மக ஜோமோள் வீடியோவுல வந்தா. கையில ஒரு அட்டை. அட்டை பூரா குட்டிக் குட்டிக் கதவு.

"அம்மா, இது அட்வென்ட் காலண்டர். டிசம்பர் ஒண்ணுல இருந்து இருபத்திநாலு வரைக்கும் தெனம் ஒரு கதவத் தொறக்கணும். உள்ள சின்னதா ஏதாவது இருக்கும். நாளைக்கி என்ன இருக்குன்னு பிள்ளைக காத்துக் கெடக்கும்."

"காத்துக் கெடக்குமா? இங்க உள்ளதுக மொத நாளே இருபத்திநாலையும் தொறந்து, அட்டையையும் தின்னுரும்!"

போன வச்ச பெறகுதான் அக்காவுக்கு மண்டையில பல்பு எரிஞ்சுச்சு. நாளைக்கி என்ன இருக்குன்னு தெரியணும்னா, நாளைக்கி வரணும்ல?

மொதல்ல தீப்பெட்டியில செஞ்சு பாத்துச்சு. ரிஞ்சு தொறந்தாலும் உள்ள இருக்குறது பதினோரு பேருக்கும் வேணும். தீப்பெட்டியில பதினோரு மிட்டாய எங்க அடைக்க? அடுத்தது பேப்பர் கப்பு. ஒரே நாள் பனியில நனஞ்சு, தொங்கிப் போன காது மாதிரி ஆயிருச்சு. மூணாவது நாள், கொழுந்து எடுக்குறப்ப இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு ஒண்ணு பழசு கெடந்துச்சு. அத விரிச்சுப் போட்டு, முன்னால உக்காந்து, பாஸ்கல் அண்ணன் "சாப்பாடு?"ன்னு மூணு தடவ கேட்டதுக்கும் ஊசியில நூலக் கோத்துக்கிட்டே இருந்துச்சு.

சாக்குல நாலு வரிசை, வரிசைக்கு ஆறு பொத்தான். பையச் சாக்கோட தைக்கல. ஒவ்வொரு பைக்கும் ஒரு காது, அந்தக் காதுல ஒரு ஓட்டை, அதப் பொத்தான்ல மாட்டுனா போதும். இன்னைக்கி வைக்கிறது பெருசா, பெரிய பைய மாட்டு. சின்னதா, சின்னத மாட்டு. அழுக்காச்சா, கழட்டித் துவை. பெரிய பைக்குத் தலகாணி உறை, நடு பைக்கு சாக்ஸ், சின்ன பைக்குச் சட்டைப் பாக்கெட்டு. சட்டை யாருதுன்னு கேக்க வேண்டியதில்ல.

"ஏட்டி, என் நீலச் சட்டைய எங்க?"

"சுவத்துல இருக்கு. பதிமூணாம் தேதியில."

பாஸ்கல் அண்ணன் சுவத்தப் பாத்தாரு. சாக்ஸு வரிசையா தொங்குது. "நல்லா இருக்கு. கருவாடு எப்ப காயும்?"ன்னாரு.

தினசரி காலண்டர்ல இருந்து பெரிய பெரிய நம்பராக் கிழிச்சு, ஒண்ணுல இருந்து இருபத்திநாலு வரைக்கும் ஒட்டுனா வேலை முடிஞ்சுது. மறையூருக்குப் போயி பதினோரு சின்ன வெல்ல உருண்டை, பதினோரு பலூனு, பதினோரு சீப்பு, பதினோரு கடலைமிட்டாய்னு வாங்கி அடச்சுச்சு. புத்தி கெட்டுப் போயி பதினோரு விசிலும் வாங்கிருச்சு.

நவம்பர் முப்பது, ஞாயித்துக்கிழமை. மத்தியானம் கிரெஷு வெளிச்சுவத்துல அத மாட்டிட்டு, அக்காவும் அண்ணனும் பக்கத்து டிவிஷன்ல ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிட்டாங்க. இருட்டுனதுக்குப் பெறகுதான் வந்தாங்க. வந்து படுத்துட்டாங்க.

காலையில சங்கு ஊதுனதும் அக்கா கிரெஷுக்குப் போயிப் பாத்தா, பை எல்லாம் நாக்கத் தொங்கப் போட்டு நிக்கிது. காலி. ரெண்டு, காலி. மூணு, காலி. இருபத்திநாலு, காலி.

"எவண்டா அது! சில்லற களவாணிப் பயலுகளா!"

அந்தச் சத்தத்துக்கு ஒம்பதாம் நம்பர் வீட்டு ராசம்மாள் வெளிய வந்துச்சு. கையில பலூனு.

"கத்தரீனா, இது உன் ஏற்பாடா? நான் ஆபீசுல குடுத்த கிறிஸ்துமஸ் சாமான்னுல்ல நெனச்சேன். எனக்கு எதுக்குடி பதினோரு பலூனு? ஊதுறதுக்கு வாயில பல்லு வேண்டாமா? பத்தாம் நம்பர்காரிக்கு மட்டும் பதினோரு சீப்பு! அவ தலையில இருக்குற முடியே பதினொண்ணுதான்!"

அப்பத்தான் அக்காவுக்கு விளங்குச்சு. அந்த லயத்துல நம்பருன்னா வீட்டு நம்பர்தான். கேஸு சிலிண்டர் வந்தாலும் நம்பரு, கல்யாணப் பத்திரிகை வந்தாலும் நம்பரு. சுவத்துல இருபத்திநாலு பை, லயத்துல இருபத்திநாலு வீடு. ஒருத்தரும் அடுத்தவங்க பையத் தொடல. அவங்கவங்க நம்பர்ல இருந்தத மட்டும் மரியாதையா எடுத்துட்டுப் போயி, ராத்திரியே தின்னு, ஊதி, தல சீவி முடிச்சுட்டாங்க.

நாலாம் நம்பர் கங்காணி செல்லத்துரை வேலைக்குப் போற வழியில நின்னு கேட்டாரு: "எனக்கு எதுக்கு பதினோரு விசிலு? நான் என்ன போலீஸ் கேம்ப்பா நடத்துறேன்?"

அக்கா பதில் சொல்றதுக்குள்ள லயத்து அந்தக் கோடியில 'க்ஹ்ர்ர்...'னு சத்தம். செல்வப்பிரியா இடுப்புல ரிஞ்சு வாரா. ராத்திரி பூராவும் "காலையில ஆயா பையில ஒண்ணு வச்சிருக்காங்க சாமி"ன்னு சொல்லியே தூங்கவச்ச பிள்ள. அக்கா சாக்குப் பக்கம் ஓடுச்சு. ஒரு நப்பாசையில ஒண்ணாம் நம்பர்ப் பையில கைய விட்டுச்சு.

கனமா இருந்துச்சு!

ஒண்ணாம் நம்பரு வீடு அக்கா வீடு. யாரும் தொடல.

"ரிஞ்சு, இங்க வா. நீயே தொற."

கைய விட்டா வெல்ல உருண்டை. ஒண்ணு எடுத்து வாயில போட்டா. எஞ்சின் நின்னுச்சு. மீதிப் பத்தையும் பத்து பேருக்குக் குடுக்கணும்னு சொன்னதும், பெரிய மனுசி மாதிரி ஒவ்வொருத்தன் கையிலயும் வச்சா. செல்வப்பிரியா திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே மேட்டுல ஏறுனா. சத்தமே வரல. அந்த மாசம் மொத நாளு முட்டல.

சரி, நாளைக்கி? அன்னைக்கிச் சாயங்காலமே அக்கா ரெண்டாம் நம்பர்ல இருந்து வீடு வீடா ஏறி எறங்குச்சு.

"தின்னத வாந்தி எடுக்கச் சொல்லல. உன் நம்பரு எந்தத் தேதியோ, அந்தத் தேதி காலையில உன் பையில நீ வைக்கணும். பதினோரு பிள்ளைக்கிப் பங்கு வரணும். வைக்கலைன்னா அந்தப் பொண்ணு பேரு லிஸ்ட்டுல ஏறாது. நீங்க தின்ன கடலைமிட்டாயிதான் அவ வேலையத் தின்னுச்சுன்னு ஊரு பூராச் சொல்லுவேன்."

சொல்லும்னு எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டாம் தேதி பிஸ்கட்டு. மூணாம் தேதி கொய்யாக்காய், அதுக்குச் சாக்ஸக் கழட்டிட்டுத் தலகாணி உறைய மாட்டுனாங்க. நாலாம் தேதி ரிஞ்சு கைய விட்டா, அதே பதினோரு விசிலு! கங்காணி பழி வாங்கிட்டாரு.

எட்டு மணிக்கு ஆரம்பிச்சுது. 'பீ...! பீ! பீ!' அக்கா ரெண்டு கையால ரெண்டு காதப் பொத்துச்சு, பால் பொங்கிப் போச்சு. ஒம்பதரைக்கு மேட்டுல இருந்து நாப்பது பொம்பளைக கூடையோட தடதடன்னு எறங்கி வாராங்க. கொழுந்து நிறுக்கக் கூப்பிடுறதுன்னா கங்காணி விசிலுதான் ஊதுவாரு. அவருதான் ஊதுறாருன்னு நெனச்சுட்டாங்க. பின்னாலயே செல்லத்துரை, ஒரு செருப்பு கால்ல, ஒரு செருப்பு கையில.

"கத்தரீனா! வேலை கெட்டுப் போச்சு! யாரு ஊதுனது?"

"நாலாம் நம்பர்ப் பையில இருந்துச்சு. நாலாம் நம்பரு யாரு?"

அவரு மீசையத் தடவுனாரு. அதே நேரம் அக்கா பார்வை கூட்டத்துல ஒரு எடத்துல நின்னுச்சு. செல்வப்பிரியா. ரிஞ்சுவும் பாத்துட்டா. பிள்ள உதடு பிதுங்குச்சு. 'க்ஹ்ர்ர்...'

செல்வப்பிரியா ஒரு கால முன்னால வச்சா. வந்து தூக்குனா அன்னைக்கி வேலை பாதி, டிசம்பர் போச்சு, லிஸ்ட்டும் போச்சு.

"நிக்கிற எடத்துலயே நில்லுடி"ன்னு அக்கா வாய்க்குள்ள சொல்லிச்சு.

ரிஞ்சு அம்மாவப் பாத்தா. கையில இருந்த விசிலப் பாத்தா. திரும்ப அம்மாவப் பாத்தா. அழுறதா, ஊதுறதா? ரெண்டையும் ஒரே வாயில செய்ய முடியாதுல்ல. அவ ஊதுனா. சும்மா இல்ல, கங்காணி ஊதுற மாதிரியே இடுப்புல ஒரு கைய வச்சுக்கிட்டு, மேட்டப் பாத்து மறு கைய நீட்டி, 'பீஈஈ!' நாப்பது பொம்பளைகளும் சிரிச்சு உருண்டாங்க. செல்லத்துரையே சிரிச்சுட்டாரு. "போங்க, போங்க, புது கங்காணி சொல்லியாச்சு"ன்னு எல்லாரையும் மேட்டுல ஏத்துனாரு. செல்வப்பிரியாவும் ஏறுனா.

அதுக்குப் பெறகு லயத்துல போட்டி வந்துருச்சு. ஒம்பதாம் தேதி ராசம்மாள் பையில இருந்து 'கீச்'சுன்னு சத்தம், உள்ள பதினோரு பேருக்கும் சேத்து ஒரு கோழிக்குஞ்சு. ஞாயித்துக்கிழமைப் பையத் திங்கக்கிழமை தொறக்கணும்னு வச்சதால, திங்கக்கிழமை ரெட்டை லாபம். அதனால வழக்கமா ஒப்பாரி வைக்கிற திங்கக்கிழமையில ரிஞ்சு அம்மாவ இழுத்துக்கிட்டு முன்னால ஓடி வந்தா. பதினாறாம் நம்பர் வீடு பூட்டிக் கெடந்துச்சு, தேனிக்குப் போனவங்க வரல. காலி பையாச்சேன்னு அக்கா விடியக்காலையில ஓடுனா, அதுல நீலச் சட்டையோட மிச்சம் இருந்த கை ரெண்டும் பையாத் தொங்குது. உள்ள பதினோரு ஆரஞ்சு. தெச்சு மாட்டுன பாஸ்கல் அண்ணன் ஃபேக்டரிக்குப் போயே போயிட்டாரு. அக்கா அன்னைக்கி மட்டும் ஆண்டவர எதுவும் கேக்கல.

பத்தொம்பதாம் தேதி வடகரப்பதியில இருந்து செல்வப்பிரியாவோட அம்மா பஸ்ஸுல குடுத்து விட்ட பச்சக் கடலை. "இது எங்கூட்டுதுங்க!"ன்னு ரிஞ்சு அம்மா மாதிரியே நீட்டி முழக்கி, பத்து பேருக்கும் அளந்து போட்டா.

இருபத்திநாலாவது பையும் தொறந்தாச்சு. கிறிஸ்துமஸ் போச்சு. டிசம்பர் முழுசும் செல்வப்பிரியா ஒரு நாளு முட்டல. ஜனவரி ரெண்டாம் தேதி செல்லத்துரை லிஸ்ட்டக் கிரெஷு வாசலுக்கே கொண்டாந்து, அவ பேரு மேல வெரல வச்சுக் காட்டிட்டுப் போனாரு.

அன்னைக்கிச் சாயங்காலம் செல்வப்பிரியா சிரிச்ச மொகமா பிள்ளையத் தூக்க வந்தா. ரிஞ்சு கிரெஷுத் தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. "க்ஹ்ர்ர்... நான் வல்லே! ஆயா கூட இருக்கேன்!" எஞ்சின் ஸ்டார்ட் ஆயிருச்சு. ஒரு கைய எடுத்தா மறு கையில புடிக்கிறா. லயமே வாசல்ல வந்து வேடிக்க பாக்குது.

"ஏனுங்கக்கா, காலையில வரமாட்டேன்னு அழுதவ இப்பப் போகமாட்டேன்னு அழுவறாளே! மானமே போவுதுங்க. இதுக்கும் ஒரு பை தெச்சுக் குடுத்துருங்க."

கத்தரீனாக்கா ஈரக் கையச் சேலையில தொடச்சுக்கிட்டு, தூணையும் பிள்ளையையும் ஒரு தடவ நல்லாப் பாத்துட்டுச் சொல்லிச்சு:

"அடி போடி! காலையில அழுதா அது எனக்கு வெக்கம், சாயங்காலம் அழுதா அது எனக்குப் பெரும. என் பெருமைய நிப்பாட்டுறதுக்கு நானே பை தைக்கணுமாக்கும்? தூக்கு பிள்ளைய, நட!"